குதிரையின் மூட்டு சொன்ன விடை

கன்னியாகுமரி மாவட்டம் மயிலாடியில் கற்சிற்பத் தொழில் செய்வோருக்கு உளியும் சுத்தியலும் மட்டும் கருவிகள் அல்ல. மணிக்கட்டும் முழங்காலும் கருவிகளே. கால்களை மடக்கித் தரையில் அமர்ந்து, ஒரு கையில் உளியைப் பிடித்து, மறு கையால் நாள் முழுவதும் அடித்துச் செதுக்கும் வேலை அது. புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சிற்பங்களைப் பார்ப்போருக்குக் கல்லின் நயம் தெரியும். அதைச் செதுக்கியவரின் மூட்டு தெரியாது. நாஞ்சில் நாட்டு வயல்களில் குனிந்து நாற்று நடுவோருக்கும், விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டுவோருக்கும் இதே நிலைதான். மூட்டு முடங்கினால் அன்றைய கூலியும் முடங்கும்.

மூட்டுத் தேய்வு நோய் இன்று உலகில் மிகப் பரவலான உடற்குறைகளுள் ஒன்று. 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 59.5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலகளாவிய நோய்ச் சுமை ஆய்வின் கணிப்பு. இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களில் 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்வு இருந்தது. தேய்ந்த குருத்தெலும்பை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. வலியைக் குறைக்கலாம், தசையை வலுப்படுத்தலாம், இறுதியில் மூட்டை மாற்றலாம். இவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில்தான் ஊசிகள் வருகின்றன: ஸ்டீராய்டு ஊசி, இரத்தத் தட்டணு செறிந்த பிளாஸ்மா எனப்படும் பி.ஆர்.பி. ஊசி, ஸ்டெம் செல் ஊசி.

இந்த ஊசிகளுள் பலவற்றுக்கு, நாம் அதிகம் அறியாத ஒரு முன்கதை உண்டு. அவை மனித மூட்டுக்கு ஏற்றவையா என்று அறிய, நலமான குதிரைகளின் மூட்டில் திட்டமிட்டு நோய் உண்டாக்கப்படுகிறது. அந்தக் குதிரைகள் நமக்குச் சொன்னது என்ன, அதை நாம் கேட்டோமா என்பதே இங்கு எழும் கேள்வி.

ஏன் குதிரை?

மருந்தாய்வு என்றாலே எலியும் முயலும் நினைவுக்கு வரும். மூட்டாய்வில் அவை ஓர் எல்லைக்கு மேல் உதவுவதில்லை. காரணம் எளிது. மனித முழங்காலின் குருத்தெலும்பு சராசரியாக 2.2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. முயலுக்கு அது 0.3 மில்லிமீட்டர், செம்மறி ஆட்டுக்கு 0.45, நாய்க்கு 0.95, வெள்ளாட்டுக்கு 1.1. குதிரைக்கு 1.75. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஃபிரிஸ்பி, வெயின் மெக்கில்ரெய்த் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஒப்பீடு இது. ஒப்பிடப்பட்ட விலங்குகளில் மனிதருக்கு மிக நெருங்கி நிற்பது குதிரையே.

தடிமன் மட்டும் காரணமன்று. குதிரையின் மூட்டு பெரியது. மனிதருக்குப் பயன்படுத்தும் அதே மூட்டு உள்நோக்கிக் கருவியை அதற்குள் செலுத்த முடியும். மூட்டுநீரை மீண்டும் மீண்டும் எடுத்துச் சோதிக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஓடவைத்து, நொண்டுகிறதா என்று பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரைக்கு இந்நோய் இயற்கையாகவே வருகிறது. பந்தயத்தில் ஓடும் குதிரைகள் நொண்டுவதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று மூட்டுத் தேய்வு. எனவே கிடைக்கும் அறிவு மனிதருக்கு மட்டுமன்றிக் குதிரைக்கும் பயன்படும் வாய்ப்பு உண்டு. முழங்கால் குருத்தெலும்பைச் சீராக்கும் சிகிச்சைகளை மனிதரிடம் சோதிக்குமுன் வெள்ளாடு, செம்மறி ஆடு, குதிரை போன்ற பெரிய விலங்குகளில் ஆராய வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது.

இங்கு ஓர் உடற்கூற்று உண்மையையும் குறிப்பிட வேண்டும். குதிரையின் முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்லும் மூட்டு, உண்மையில் மனிதரின் மணிக்கட்டுக்கு இணையானது. மனித முழங்காலுக்கு இணையான மூட்டு, அதன் பின்னங்காலில், வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் நோய் உண்டாக்கப்படுவது முன்னங்கால் முட்டியில்தான்.

நோய் உண்டாக்கும் முறை

குதிரையின் மூட்டில் நோயை உண்டாக்கப் பல வழிகள் உள்ளன. மோனோஅயோடோஅசிட்டேட் போன்ற வேதிப்பொருளைச் செலுத்திக் குருத்தெலும்புச் செல்களைக் கொல்லலாம். ஆம்ஃபோடெரிசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைச் செலுத்திக் கடும் அழற்சியை உண்டாக்கலாம். பாக்டீரியாவின் உறையிலிருந்து பெறப்படும் எண்டோடாக்சினை நானோகிராம் அளவில் செலுத்தினால், சில மணி நேரத்தில் மூட்டு வீங்கிக் குதிரை நொண்டும். சிறு அளவாயின் ஓரிரு நாள்களில் அது தணிந்துவிடும். இந்தக் கடைசி முறையில் நிலையான சேதம் குறைவு. ஆகவே வலிநிவாரணிகளைச் சோதிக்க ஏற்றது. ஆனால், தற்காலிக அழற்சி வேறு, ஆண்டுக்கணக்கில் வளரும் தேய்வு வேறு.

தேய்வு நோய்க்கு மிக நெருங்கிய முறையாகக் கருதப்படுவது கொலராடோ ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த எலும்புச் சில்லு முறை. மயக்கமருந்து கொடுத்து, உள்நோக்கியின் துணையுடன் குதிரையின் ஒரு முன்னங்கால் முட்டியில் 8 மில்லிமீட்டர் அளவில் எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரு சில்லைப் பெயர்க்கிறார்கள். பெயர்ந்த சில்லு மூட்டுக்குள்ளேயே விடப்படுகிறது. அதைச் சுற்றி எலும்பைக் கடைந்ததில் விழுந்த துகள்களும் அகற்றப்படுவதில்லை. மறுகாலின் முட்டியையும் திறந்து பார்த்து, சேதமின்றி மூடிவிடுகிறார்கள்; அது ஒப்பீட்டுக்கு.

பதினான்காம் நாள் முதல் குதிரை ஓடுதளப் பொறியில் ஏற்றப்படுகிறது. வாரம் ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடம் மிதவோட்டம், இரண்டு நிமிடம் பாய்ச்சல், மீண்டும் இரண்டு நிமிடம் மிதவோட்டம். சில்லும் துகள்களும் உறுத்த, மூட்டு உள்ளுறை அழன்று, குருத்தெலும்பு கரையத் தொடங்குகிறது. சோதிக்க வேண்டிய மருந்தும் இக்காலத்தில்தான் செலுத்தப்படுகிறது. நொண்டலின் அளவு, மூட்டின் வீக்கம், மூட்டுநீரில் அழற்சிப் பொருள்கள் ஆகியன தொடர்ந்து பதிவாகின்றன. எழுபதாம் நாள் குதிரை கருணைக்கொலை செய்யப்பட்டு, மூட்டுத் திசுக்கள் நுண்ணோக்கியில் ஆராயப்படுகின்றன.

இதை மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மயக்கமருந்தும் அறுவைக்குப் பின் வலிநிவாரணியும் கொடுக்கப்படுகின்றன. நெறிக்குழுவின் ஒப்புதலும் பெறப்படுகிறது. அதே வேளையில், நலமாக இருந்த ஒரு விலங்கு நொண்டவைக்கப்பட்டு, ஓடவைக்கப்பட்டு, இறுதியில் கொல்லப்படுகிறது என்பதும் உண்மை.

கிடைத்த விடைகள்

இவ்வளவு விலை கொடுத்துப் பெற்றது என்ன? முதலில் ஸ்டீராய்டு. பல பத்தாண்டுகளாக மனிதருக்கும் குதிரைக்கும் மூட்டில் போடப்படும் ஊசி இது. ஸ்டீராய்டுகள் எல்லாம் ஒன்றே என்ற எண்ணம் மருத்துவரிடையே இருந்தது. 1997-இல் வெளியான, 18 குதிரைகளில் நடத்தப்பட்ட எலும்புச் சில்லு ஆய்வில் டிரையாம்சினோலோன் நொண்டலைக் குறைத்ததுடன் குருத்தெலும்பின் நிலையையும் மேம்படுத்தியது. அடுத்த ஆண்டு அதே முறையில் சோதிக்கப்பட்ட மீத்தைல்பிரட்னிசோலோன் நொண்டலைக் குறைக்கவில்லை. குருத்தெலும்புக்குக் கேடு விளைவிக்கும் அறிகுறிகளையே காட்டியது. ஒரே குடும்பத்து மருந்துகள், எதிரெதிர் விளைவுகள். அதன் பின் குதிரை மருத்துவர்கள் அதிகம் அசையும் மூட்டுகளில் எந்த மருந்தைப் போடுவது என்பதில் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டனர்.

இரண்டாவது, மரபணு சிகிச்சை. மூட்டில் அழற்சியைத் தூண்டும் பொருள்களுள் முதன்மையானது இன்டர்லூக்கின்-1. அதைத் தடுக்கும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை, தீங்கற்றதாக்கப்பட்ட வைரஸில் ஏற்றி மூட்டுக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? 2002-இல் வெளியான குதிரை ஆய்வு, வலியும் குறைகிறது, குருத்தெலும்பும் காக்கப்படுகிறது என்று காட்டியது. அந்தச் சிந்தனை மெல்ல வளர்ந்து, வேறு வகை வைரஸுக்கு மாறி, அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒன்பது நோயாளிகளிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2025-இல் வெளியாயின. ஓராண்டு வரை அந்தப் புரதம் மூட்டில் நிலைத்திருந்தது. குதிரையிலிருந்து மனிதருக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின; இன்னும் இது மருந்தாகிவிடவில்லை. ஆனால், குதிரையின் மூட்டு இல்லாமல் இந்த வழி திறந்திருக்குமா என்பது ஐயமே.

மூன்றாவது விடை, பலரும் விரும்பாதது. 2009-இல் ஃபிரிஸ்பி குழுவினர் குதிரையின் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களையும் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்களையும் இதே முறையில் சோதித்தனர். மஜ்ஜைச் செல்கள் மூட்டுநீரில் ஓர் அழற்சிப் பொருளைக் குறைத்தன என்பதைத் தவிர, நோயின் போக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

விடையின் எல்லைகள்

குதிரை சொன்னதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடவும் முடியாது. குதிரையில் நன்மை காட்டிய அதே டிரையாம்சினோலோனை, முழங்கால் தேய்வு உள்ள 140 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தனர். பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, ஈராண்டுகள் ஊசி போடப்பட்டது. 2017-இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது. உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது. வலியில் வேறுபாடு இல்லை.

இதில் முரண்பாடு ஏதுமில்லை. குதிரைக்கு நடந்தது எழுபது நாள் ஆய்வு. மருந்து கொடுக்கப்பட்டது இரண்டு முறை. மனிதருக்கு நடந்தது ஈராண்டு, மருந்து பலமுறை. குதிரையின் நோய் ஒரே நாளில் செய்யப்பட்ட காயம். மயிலாடிச் சிற்பியின் நோய் முப்பது, நாற்பது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. ஆய்வுக் குதிரை இளமையானது. நோயாளி முதியவர், உடற்பருமனோ நீரிழிவோ உடையவராகவும் இருக்கலாம். குதிரை ஆய்வு ஒரு கேள்விக்கு விடை சொல்லும்: இந்தப் பொருள் மூட்டுக்குள் போனால் உடனடியாக என்ன செய்கிறது? அந்த எல்லைக்குள் அது நேர்மையான விடை. அதற்கு மேல் மனித ஆய்வுதான் சொல்ல வேண்டும்.

கேட்கப்படாத விடை

விலங்குகளில் சோதிக்கலாமா என்று நாம் விவாதிக்கிறோம். சோதித்துப் பெற்ற விடையை மதிக்கிறோமா என்று யாரும் விவாதிப்பதில்லை. 2009-இல் குதிரையின் மூட்டு 'பெரிய பயனில்லை' என்று சொன்ன பிறகும், தன் கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்த செல்களை முழங்காலில் செலுத்தினால் குருத்தெலும்பு முளைக்கும் என்ற வாக்குறுதி விளம்பரங்களில் ஓயவில்லை. அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே, ஏற்கப்பட்ட சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கன்றி ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக அளிக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. பெங்களூருவில் உருவான ஒரு தயாரிப்பு, மனித ஆய்வுகளைக் கடந்து, முழங்கால் தேய்வுக்கு 2022-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்றது. முறையான வழி இருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்த வழியில் வராதவற்றுக்கு அது சான்றாகாது.

பி.ஆர்.பி. ஊசியும் இப்படியே. 288 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ உப்புநீர் ஊசியைவிட அது மேலாக இல்லை. சில சிறிய ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன, விவாதம் தொடர்கிறது. ஆனால், ஊசிக்குப் பணம் கட்டும் கூலித் தொழிலாளியிடம் இந்த விவாதம் சொல்லப்பட வேண்டுமல்லவா?

ஒரு விலங்கை நோயாளியாக்கிப் பெற்ற 'இல்லை' என்ற விடை, 'ஆம்' என்ற விடைக்குச் சமமான மதிப்புடையது. அதைப் புறக்கணிக்கும்போது இருவர் ஏமாற்றப்படுகிறார்கள்: வீணாக வலி தாங்கிய குதிரையும், வீணாகப் பணம் இழந்த நோயாளியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான சட்டத்தின் வேர் தமிழ்நாட்டோடு தொடர்புடையது. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, பின்னர் அரசின் சட்டமாக, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமாக மலர்ந்தது. அதன்படி 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அதன் தலைமையகம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கியது.

இச்சட்டம் விலங்காய்வைத் தடைசெய்யவில்லை. ஆனால், அதன் 17-ஆம் பிரிவு இரண்டு கட்டளைகளை இடுகிறது. இயன்றவரை விலங்காய்வைத் தவிர்க்க வேண்டும். சிறிய விலங்குகளில் அதே முடிவைப் பெற முடியுமானால் பெரிய விலங்குகளைப் பயன்படுத்தக் கூடாது. 1998-இல் வந்த விதிகளின்படி ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் பதிவு பெற்று, நெறிக்குழு அமைக்க வேண்டும். குதிரை போன்ற பெரிய விலங்குகளுக்கு நிறுவனக் குழுவின் ஒப்புதல் போதாது. மத்தியக் குழுவின் அனுமதி தேவை. ஆய்வுக்குப் பின் பெரிய விலங்குகளின் மறுவாழ்வுச் செலவை ஆய்வுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. 2023-இல் புதிய மருந்துகள் விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், செல் வளர்ப்பு, உறுப்புச் சில்லு போன்ற விலங்கற்ற முறைகளுக்கும் இடம் தந்துள்ளது.

குதிரைக்கு நாம் பட்டிருக்கும் கடன் புதிதன்று. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரிக்கும் நஞ்சு, குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அவற்றின் இரத்தத்திலிருந்தே பாம்புக்கடி மருந்து பிரிக்கப்படுகிறது. வயலிலும் தோட்டத்திலும் பாம்பு கடித்துப் பிழைத்தவர் ஒவ்வொருவரும் ஒரு குதிரையின் குருதியால் பிழைத்தவர். அங்கே குதிரை தருவது பிற வழியில் எளிதில் கிடைக்காத, உடனே உயிர்காக்கும் மருந்து. மூட்டாய்வில் அது தருவது அறிவு மட்டுமே. ஆகவே அங்கு நியாயத்தின் அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்.

இயற்கையே தந்த நோயாளிகள்

ஒரு மாற்று வழி நம் கண்முன்னே இருக்கிறது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள், ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகள், மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகள் ஆகியவற்றுள் மூட்டு நோயால் நொண்டுபவை உண்டு. உரிமையாளரின் ஒப்புதலுடன் அவற்றுக்குச் சிகிச்சை அளித்தே ஆய்வு செய்யலாம். நோயை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. இருக்கும் நோயைத் தணிக்கிறோம். விலங்கும் பயன்பெறுகிறது. மனிதரின் நோயைப் போலவே அதுவும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது என்பதால், சில கேள்விகளுக்கு எலும்புச் சில்லு முறையைவிட இதுவே பொருத்தமான விடையைத் தரும்.

இதற்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு குதிரையின் வயதும் நோயின் நிலையும் வேறுபடும். எனவே அதிக எண்ணிக்கை தேவை. நோய் தொடங்குமுன் மூட்டு எப்படி இருந்தது என்பது தெரியாது. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க முடியாது. முற்றிலும் புதிய பொருளை முதன்முதலாகச் சோதிக்க இது ஏற்றதன்று. ஆயினும், ஏற்கெனவே வழக்கில் உள்ள ஊசிகளை ஒப்பிட இதுவே போதும். 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் இத்தகைய ஆய்வுகளில் முன்னிற்க முடியும்.

மூன்று நெறிகளை நாம் வலியுறுத்தலாம். முதலாவது, இயற்கையாக நோயுற்ற விலங்கில் விடை கிடைக்குமானால், நலமான விலங்கில் நோயை உண்டாக்க அனுமதி தரக் கூடாது. இரண்டாவது, மனித ஆய்வுகளுக்கு 2009 முதல் பதிவு கட்டாயமாக இருப்பதுபோல, பெரிய விலங்குகளில் நடக்கும் ஒவ்வோர் ஆய்வும் தொடங்குமுன் பொதுவில் பதிவாக வேண்டும். முடிவு சாதகமாயினும் பாதகமாயினும் வெளிவர வேண்டும். ஒருவர் பெற்ற 'இல்லை' மறைக்கப்பட்டால், அதே கேள்விக்காக இன்னொரு குதிரையின் மூட்டு உடைபடும். மூன்றாவது, மூட்டில் ஊசி போடும் எந்த மருத்துவமனையும், அந்த ஊசிக்கு மனித ஆய்வில் என்ன சான்று உள்ளது, அது அனுமதி பெற்றதா என்பதை நோயாளியின் தாய்மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டும் அரசின் கையில் உள்ளன. மூன்றாவதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஊசிக்கு ஒப்புதல் தருமுன் நோயாளியோ அவரது பிள்ளைகளோ கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இது எத்தனை பேரிடம் சோதிக்கப்பட்டது? உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டார்களா? ஓராண்டு கழித்து என்ன ஆயிற்று? விடை தெளிவாக இல்லையென்றால், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியிலும் எடைக் குறைப்பிலும் தொடங்குவதே அறிவுடைமை.